இன்சோல் – வேணுங்கிறவங்களுக்கு இல்ல, வேணாங்கிறவங்களுக்கு ரெண்டு ஜோடி

மால்கள்லயும் பெரிய செருப்புக் கடைகள்லயும் ஒரு மெஷின் வெச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. செருப்பைக் கழட்டிட்டு அது மேல ஏறி நின்னா, எதிர்ல இருக்கிற திரையில நம்ம ரெண்டு பாதமும் கலர் கலரா தெரியும். நீலம், பச்சை, மஞ்சள்... குதிகால் மட்டும் செக்கச் செவேல்னு இருக்கும். பக்கத்துல நிக்கிற டை கட்டின தம்பி முகத்தை சோகமா வெச்சுக்கிட்டு, "பாருங்க சார், இங்கதான் ப்ரெஷர் ஓவரா இருக்கு. இப்படியே விட்டா முட்டி, இடுப்பு, முதுகு எல்லாம் போயிடும்"னு சொல்வார். அப்புறம் உங்க காலுக்குன்னே 'கஸ்டம்' இன்சோல். விலையைக் கேட்டா குதிகாலை விட நம்ம முகம் அதிகமா சிவக்கும் :-)

அந்தத் தம்பி சொல்லாம விடுற விஷயம் ஒண்ணு இருக்கு. அது மேல யார் ஏறி நின்னாலும் குதிகால் சிவப்பாத்தான் தெரியும். சும்மா நிக்கும்போது நம்ம எடையில கிட்டத்தட்ட 60 சதவீதத்தை குதிகால்தான் தாங்குதுன்னு 1987லேயே அளந்து எழுதி வெச்சிருக்காங்க. அது வியாதி இல்ல, அதோட வேலையே அதான். சமையல்கட்டுல அடுப்பு சூடா இருக்குன்னு கவலைப்படுற மாதிரி இது.

இதைப் படிச்சிட்டு இன்சோலே ஏமாத்து வேலைன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. இல்லவே இல்ல. ஒரு இன்சோல் ஒருத்தரோட காலையே காப்பாத்தும், நெசமாவே. என் வருத்தம் என்னன்னா, அது தேவைப்படுற ஆளு இந்த மெஷின் பக்கமே வர்றதில்ல. தேவையில்லாத ஆளு தவணை கட்டி வாங்கிட்டுப் போறாரு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இன்சோல் என்ன செய்யும்?

ஹோட்டல்ல மேஜை ஆடினா என்ன பண்ணுவோம்? காகிதத்தை மடிச்சு ஒரு காலுக்கு அடியில சொருகுவோம். மேஜை ஆடாது, நிம்மதியா காபி குடிக்கலாம். அதுக்காக மேஜையோட கால் சரியாயிடுச்சுன்னு அர்த்தமா? காகிதத்தை எடுத்தா மறுபடி ஆடும்.

இன்சோலும் அதேதான். எலும்பை வளைக்காது, நிமிர்த்தாது. எடை எந்த இடத்துல, எவ்வளவு வேகமா விழுதுங்கிறதை மட்டும் மாத்தும். வலிக்கிற இடத்துல விழுற பாரத்தை எடுத்து வலிக்காத இடத்துக்குக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுக்கும். அந்த அவகாசத்துல உடம்பு தன்னைத்தானே ஆத்திக்கும். இவ்வளவுதான் அதோட வேலை. இதுவே பெரிய வேலைதான். ஆனா 'கரெக்டிவ்'னு பேரு வெச்சு, காலையே திருத்திடும்கிற மாதிரி விக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

குழந்தைங்க பாதம்

இந்தப் பயத்துல அதிகமா மாட்டுறது பெத்தவங்க. மூணு வயசுக் குழந்தை ஈரக்காலோட தரையில நடந்தா முழுப் பாதமும் பதியும். உடனே "அய்யய்யோ, தட்டைப் பாதம்!" சின்னக் குழந்தைங்களுக்குப் பாதம் தட்டையா இருக்கிறதுதான் சகஜம். உள் வளைவு வளர வளரத்தான் உருவாகும். பத்து வயசு வரைக்கும் கூட அது நடந்துக்கிட்டே இருக்கும்.

அமெரிக்காவுல வெங்கர்னு ஒரு எலும்பு டாக்டரும் அவரோட ஆட்களும் 1989ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. வளையக்கூடிய தட்டைப் பாதம் இருக்கிற 129 குழந்தைங்களை நாலு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு குழுவுக்கு 'திருத்தும்' ஷூ. ஒரு குழுவுக்கு குதிகால் கிண்ணம். இன்னொரு குழுவுக்கு அச்செடுத்துச் செஞ்ச இன்சோல். குறைஞ்சது மூணு வருஷம் போட்டுக்கிட்டு, கடைசி வரைக்கும் இருந்த 98 பேரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, நாலு குழுவுக்கும் வித்தியாசமே இல்ல. எல்லாருக்குமே வளைவு கொஞ்சம் கூடியிருக்கு. ஒண்ணுமே போடாதவங்களுக்கும்தான்!

இதை விட சுவாரஸ்யமானது நம்ம பக்கத்துல மணிப்பால்ல நடந்தது. அங்க ராவ், ஜோசப்னு ரெண்டு டாக்டருங்க 2300 குழந்தைங்களோட பாதப் பதிவை எடுத்து 1992ல எழுதினாங்க. செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த குழந்தைங்கள்ல 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோட திரிஞ்ச பசங்கள்ல 2.8 சதவீதம்தான். அதிலயும் விரலை மூடுற ஷூ போட்ட பசங்களுக்குத்தான் அதிகம். அதாவது, மண்ணுல ஓடி விளையாடின காலுக்கு வளைவு நல்லாவே வந்திருக்கு. நாம என்னடான்னா ஷூவுக்குள்ள போட்டு மூடி, அது போதாதுன்னு உள்ள இன்னொண்ணையும் வெச்சு அமுக்குறோம்.

வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம். குழந்தையை முன்னங்கால் விரல்ல எக்கி நிக்கச் சொல்லுங்க. அப்போ உள் வளைவு தெரிஞ்சா அது வளையுற பாதம், பயமில்ல. எக்கினாலும் தட்டையாவே விறைப்பா இருந்தா, வலி இருந்தா, ஒரு கால் மட்டும் அப்படி இருந்தா, நொண்டினா... அப்போ எலும்பு டாக்டர்கிட்ட போங்க. மால் மெஷின்கிட்ட இல்ல.

குதிகால் வலி

அடுத்து நம்ம ஜனங்களோட தேசிய வியாதி. காலையில எந்திரிச்சுக் கட்டில்ல இருந்து காலைக் கீழ வெச்சதும் சுருக்குன்னு ஆணி குத்தின மாதிரி இருக்கும். பத்தடி நடந்தா குறையும். ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டு எந்திரிச்சா மறுபடி வரும். நாள் பூரா நிக்கிற டீச்சருங்க, துணிக்கடைப் பெண்கள், டிராஃபிக் போலீஸ், சமையல்கட்டுலயே காலம் தள்ளுற அம்மாமார்கள்... யாரைக் கேட்டாலும் இருக்கும்.

எக்ஸ்ரே எடுத்தா "எலும்பு வளர்ந்திருக்கு"ம்பாங்க. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த எலும்பு முள்ளு இருக்கும். பெரும்பாலும் பிரச்சினை எலும்புல இல்ல. குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் வில்லுக்கு நாண் மாதிரி ஓடுற ஒரு தடிச்ச பட்டை இருக்கு, அதுலதான் பிரச்சினை.

இதுக்கு இன்சோல் உதவுமா? உதவும். ஆனா எந்த இன்சோல்? இங்கதான் வேடிக்கை. 1999ல அமெரிக்காவுல 15 இடங்கள்ல 236 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி. எல்லாரும் கால் நீட்டும் பயிற்சி செய்யணும். சிலருக்குப் பயிற்சி மட்டும். மத்தவங்களுக்குக் கூடவே சிலிகான் மெத்தை, ரப்பர் கிண்ணம், கம்பளித் துண்டு, இல்லைன்னா அச்செடுத்துச் செஞ்ச விலை உசந்த இன்சோல். எட்டு வாரம் கழிச்சுப் பார்த்தா சிலிகான் வெச்சவங்கள்ல 95 சதவீதம் பேருக்கு வலி குறைஞ்சிருக்கு. பயிற்சி மட்டும் செஞ்சவங்களுக்கு 72 சதவீதம். கஸ்டம் இன்சோல்காரங்களுக்கு? 68!

ஆஸ்திரேலியாவுல 2006ல 135 பேரை வெச்சு இன்னும் கறாரா ஒண்ணு பண்ணாங்க. பொய்யா ஒரு மெல்லிசு இன்சோல், ரெடிமேட் இன்சோல், கஸ்டம் இன்சோல்னு மூணு குழு. மூணு மாசத்துல நிஜ இன்சோல் ரெண்டும் கொஞ்சம் முன்னாடி இருந்துச்சு, ரெடிமேடுக்கும் கஸ்டமுக்கும் வித்தியாசம் இல்ல. ஒரு வருஷத்துல மூணு குழுவும் ஒரே இடத்துல வந்து நின்னுட்டாங்க.

ஆக, சில நூறு ரூபாயில வாங்குற குதிகால் மெத்தையே குதிகால் வலிக்குப் போதும். மிச்ச காசை வெச்சுக் குடும்பத்தோட மகாபலிபுரம் போயிட்டு வரலாம்.

மெத்தையோட சேர்த்துச் செய்ய வேண்டிய வேலையும் இருக்கு. டென்மார்க்குல 48 பேரை வெச்சுச் சோதிச்ச பயிற்சி இது. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டு மேல வெச்சு, கால் விரலை அது மேல வெச்சு, குதிகாலைப் படிக்கு வெளிய விட்டு, ஒத்தக் காலால மெதுவா எக்கி ஏறணும். மூணு எண்ணிக்கையில ஏறி, ரெண்டு எண்ணிக்கை நின்னு, மூணு எண்ணிக்கையில இறங்கணும். ஒருநாள் விட்டு ஒருநாள். வெறும் நீட்டல் பயிற்சி செஞ்சவங்களை விட இவங்களுக்கு மூணு மாசத்துல நல்ல முன்னேற்றம். ஒரு வருஷத்துல ரெண்டு குழுவும் சமம்தான். ஆனா வலியில இருக்கிறவங்களுக்கு அந்த ஒன்பது மாசம் சும்மாவா?

செருப்பைக் கழட்டுற ஊர்ல இன்சோல்

இதை யாருமே யோசிக்க மாட்டேங்கிறாங்க. மேல சொன்ன குதிகால் வலி ஆராய்ச்சி எல்லாம் வெளிநாட்டு ஜனங்களை வெச்சு நடந்தது. நம்ம கதை வேற. வீட்டுல வெறுங்கால். கோயில்ல வெறுங்கால். சில கடைகள்ல, கிளினிக்குல கூட வாசல்லயே கழட்டிடணும். குதிகால் வலியால துடிக்கிற அம்மா, மிளகா அரைக்கிறதுல இருந்து பாத்திரம் கழுவுற வரைக்கும் கிரானைட் தரையில வெறுங்காலோட நிக்கிறாங்க. பல ஆயிரம் கொடுத்து வாங்கின இன்சோல் எங்க இருக்கு? வாசல்ல, ஷூவுக்குள்ள. வீட்டைக் காவல் காத்துக்கிட்டு இருக்கு.

அப்புறம் நம்ம ஊர்ல ஷூ போடுறவங்களே எத்தனை பேரு? சேலை கட்டிக்கிட்டு வேலைக்குப் போறவங்க செருப்புதான் போடுவாங்க. இன்சோலை எங்க சொருகுறது? அதனால வலி இருக்கிறவங்க வீட்டுக்குள்ள போட்டுக்க மெத்துனு, பின்வார் வெச்ச ஒரு செருப்பு தனியா வெச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம். "வீட்டுக்குள்ள செருப்பா, லட்சுமி போயிடுவா"ன்னு பாட்டி சொல்வாங்கதான். தெருச் செருப்பு வேற, வீட்டுச் செருப்பு வேறன்னு சொல்லிப் புரிய வெக்கணும். சமையல்கட்டுலயாவது ஒரு ரப்பர் பாயைப் போட்டு வைங்க.

நிஜமாவே வேணுங்கிறவங்க

இதுவரைக்கும் சொன்னது வலிக்கிற காலைப் பத்தி. இனிமே சொல்லப் போறது வலிக்காத காலைப் பத்தி. அதுதான் ஆபத்தான கால்.

சுகர் ரொம்ப வருஷமா இருந்தா கால் நரம்பு மரத்துப் போகும். செருப்புல இருந்து ஆணி ஏறினாலும் தெரியாது. கொப்புளம் வந்தாலும் தெரியாது. தெரியாததால அது மேலயே நடப்பாங்க. புண்ணு ஆழமாகி, சீழ் பிடிச்சு, எலும்பு வரைக்கும் போய், கடைசியில விரல், பாதம், கால்... 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி இந்தியாவுல சுகர் உள்ளவங்க சுமார் 10.1 கோடி பேர். நம்ம தெருவுல, நம்ம வீட்டுல இருக்கிறவங்கதான் அந்தக் கணக்கு.

இதுக்கான விடை எங்க பிறந்துச்சு தெரியுமா? நம்ம வேலூர்ல. பால் பிராண்ட்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர். வெள்ளைக்காரர்னு பேருதான், 1914ல பிறந்தது நம்ம கொல்லிமலையில. 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிங்களோட விரலும் பாதமும் அழுகி விழுதுன்னு ஊரே நம்பிக்கிட்டு இருந்த காலம். அவர் உட்கார்ந்து கவனிச்சுப் பார்த்துட்டுச் சொன்னார்: அழுகி விழல, வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டுத் தேயுது. வலிங்கிறது காவல்காரன், அவன் தூங்கிட்டான், அதான் திருட்டு நடக்குது.

அப்போ அந்தக் காவலை யார் பார்க்கிறது? செருப்பு பார்க்கட்டும்! வேலூர்லயும் பக்கத்துல கரிகிரியிலயும் மரத்த காலுக்கான செருப்பைப் பத்தி வருஷக் கணக்கா வேலை நடந்துச்சு. அப்படி வந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர். சின்னச் சின்னக் காத்தறை நெறைஞ்ச மெத்து ரப்பர். அமுக்கினா அமுங்கும், ஆனா ஸ்பாஞ்சு மாதிரி ஒரேயடியா தட்டையாயிடாது. எடையைப் பாதம் முழுக்கப் பரப்பிடும். அடியில முள்ளு ஏறாத கெட்டி சோல், பின்னாடி வார், கட்டை விரல் நடுவுல கொக்கி கிடையாது. பார்க்க ஒண்ணும் அழகா இருக்காது. ஆனா வேலை செய்யும்.

எவ்வளவு வேலை செய்யும்னு 2004ல சென்னையிலேயே அளந்தாங்க. ராயபுரத்துல இருக்கிற சுகர் ஆஸ்பத்திரியும், அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து செஞ்ச வேலை. ஏற்கெனவே கால்ல புண் வந்து ஆறின 241 பேர். மூணு குழுவுக்கு எம்.சி.ஆர். உள்பட மூணு விதமான மெத்து இன்சோல் செருப்பு. நாலாவது குழு அவங்கவங்க சொந்தச் செருப்பு, உள்ள கெட்டி அட்டை. ஒன்பது மாசம் கழிச்சுப் பார்த்தா மெத்து இன்சோல் போட்டவங்கள்ல 4 சதவீதம் பேருக்குத்தான் புதுசா புண். சொந்தச் செருப்புக்காரங்கள்ல 33 சதவீதம்!

நாலுக்கும் முப்பத்துமூணுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு ரப்பர் துண்டு. மாத்திரைக்கு இப்படி ஒரு கணக்கு வந்திருந்தா நாடு பூரா விளம்பரம் போட்டிருப்பாங்க. செருப்புங்கிறதால வாசல்லயே நின்னுடுச்சு.

நம்ம ஆம்பூர்லயும் வாணியம்பாடியிலயும் ராணிப்பேட்டையிலயும் உலகத்துக்கே ஷூ தைச்சு அனுப்புறாங்க. ஆனா நம்ம ஊர் சுகர்காரரு தேஞ்ச ஹவாய் செருப்போட நடக்கிறாரு. அது கால்ல இருந்து நழுவிப் போனா கூட அவருக்குத் தெரியாது. இதுல ஒரு கூச்சம் வேற இருக்கு. "இது நோயாளிச் செருப்பு மாதிரி இருக்கு, போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு எப்படிப் போறது?" அய்யா, கல்யாணத்துக்கு ரெண்டு காலோட போறதுதான் முக்கியம். செருப்பை எவனும் பந்தியில பார்க்க மாட்டான்.

என்ன பண்ணலாம்?

வீட்டுல சுகர்காரங்க இருந்தா இன்னைக்கே இந்தச் சோதனையைச் செய்யுங்க. இங்கிலாந்துல இப்ஸ்விச்ங்கிற ஊர் டாக்டருங்க 2011ல சொன்னது, பைசா செலவில்ல. அவங்களைக் கண்ணை மூடச் சொல்லிட்டு, உங்க ஆள்காட்டி விரல் நுனியால அவங்க கால் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனியை ஒண்ணு ரெண்டு செகண்ட் லேசாத் தொடுங்க. அமுக்கக் கூடாது, தட்டக் கூடாது. ரெண்டு காலுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு இடம். தொட்டதைச் சொல்லச் சொல்லுங்க. ரெண்டு இடமோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா, கால் மரத்திருக்குன்னு வெச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அவங்களுக்கு வீட்டுக்குள்ளயும் செருப்பு கட்டாயம். கோயிலுக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடியோ சாயங்காலமோ போகட்டும். மத்தியான வெயில்ல பிரகாரக் கல்லு மரத்த காலைச் சுட்டுப் பொசுக்கிடும், அவங்களுக்கு உறைக்கவே உறைக்காது. செருப்பைப் போடுறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுத் தடவிப் பார்க்கணும். ராத்திரி படுக்கும்போது உள்ளங்காலைப் பார்க்கணும். குனிய முடியலைன்னா கண்ணாடியைக் கீழ வெச்சுப் பாருங்க, இல்ல பேரப்பசங்களைப் பார்க்கச் சொல்லுங்க. ஏற்கெனவே புண் வந்தவங்க, பாதம் கோணினவங்களுக்கு மட்டும் அச்செடுத்துச் செய்யுற இன்சோல் நிஜமாவே வேணும். அந்தக் கஸ்டம் சமாச்சாரத்துக்கு உரிய ஆளு இவங்கதான்.

என்னோட ஆசை ரொம்பச் சின்னது. சுகர் டாக்டருங்க மருந்துச் சீட்டுல மாத்திரைக்குக் கீழ 'செருப்பு'ன்னு ஒரு வரி எழுதணும். ஒவ்வொரு சுகர் கிளினிக்குலயும் நோயாளி செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரும்போது, அந்தக் கழட்டின செருப்பை யாராவது ஒருத்தர் எடுத்துப் பார்க்கணும்.

மத்தவங்களுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். வலி இருக்கா? இல்லைன்னா இன்சோல் வேணாம், மெஷின் என்ன கலர் காட்டினாலும். வலி இருந்தா விலை கம்மியானதை முதல்ல வாங்கிப் பாருங்க. போட்டதும் சுகமா இருக்கணும். உறுத்தினா அது உங்களுக்கானது இல்ல. "பழகப் பழகச் சரியாயிடும்"னு விக்கிறவங்க சொன்னா நம்பாதீங்க. ஆறு வாரம், எட்டு வாரத்துல ஒண்ணும் நடக்கலைன்னா கடையை மாத்தாதீங்க, டாக்டரைப் பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, செருப்பு யாவாரியும் இல்ல. படிச்சதையும் பார்த்ததையும் வெச்சு எனக்குப் பட்டதைச் சொல்லியிருக்கேன். கால் வீங்கினா, ஒரே நாள்ல சிவந்து சூடானா, புண் வந்தா, இந்தப் பதிவைத் தேடிக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.